சிங்க்வே தெர்ரேயும் அப்புவானே மலையும்: ஆறு பேர், ஆறு நாள், கார் இல்லை. திட்டம் சரியா?

ஆறுபேர்அணி:

வணக்கம். செப்டம்பர் கடைசியில் நண்பர்கள் ஆறு பேர் இத்தாலியின் லிகூரியா கடற்கரையில், சிங்க்வே தெர்ரே என்னும் ஐந்து ஊர்ப் பகுதியில் (மொந்தெரோஸ்ஸோ, வெர்னாத்சா, கொர்னீல்யா, மனரோலா, ரியோமஜ்ஜோரே) நடக்கப் போகிறோம். திங்கள் மதியம் பீசாவில் இறங்குகிறோம், அடுத்த திங்கள் காலை அங்கிருந்தே விமானம். நடுவில் முழுதாக ஆறு நாள். கார் எடுக்கும் எண்ணம் இல்லை.

கையில் இருக்கும் திட்டம்: வெர்னாத்சாவில் தங்கல். செவ்வாய் அன்று மொந்தெரோஸ்ஸோவில் தொடங்கிக் கடலோரப் பாதையில் ஐந்து ஊரையும் ஒரே நாளில் முடித்துவிடுவது. 12 கி.மீ. என்கிறார்கள், மாப்பிலும் ஒரே கோடாகத் தெரிகிறது. புதன், வியாழன் ஏதாவது ஒரு உயரமான மலை. வெள்ளி லெவாந்தோ. சனி, ஞாயிறு போர்த்தோவேனெரே, படகு, ஓய்வு.

மூன்று பேர் அடிக்கடி மலை ஏறுபவர்கள். இரண்டு பேர் ஊருக்குள் நடப்பதோடு சரி. ஒருவருக்கு ஏற்றம் பிரச்சினை இல்லை, இறக்கத்தில் முட்டி வலிக்கும். இரண்டு பேர் சைவம், மீனும் கிடையாது.

கேள்விகள்: எங்கே தங்குவது? சிங்க்வே தெர்ரே கார்டு (கட்டணப் பாதைகளுக்கான பூங்கா அனுமதிச் சீட்டு) எல்லா நாளும் வேண்டுமா? கார் இல்லாமல் போகக்கூடிய நல்ல மலை எது? ஷூ, மழை பற்றி என்ன கவனிக்க வேண்டும்?


மேட்டுநடை:

முதலில் அந்த ஒரே கோடு. அதை நம்பாதீர்கள். கடலோரப் பாதையின் பெயர் செந்தியேரோ அட்சூர்ரோ, எண் 592. நான்கு துண்டுகளில் மொந்தெரோஸ்ஸோ–வெர்னாத்சா, வெர்னாத்சா–கொர்னீல்யா இரண்டும்தான் வழக்கமாகத் திறந்திருக்கும். கொர்னீல்யா–மனரோலா கீழ்ப் பாதை மண்சரிவால் பல வருடமாக மூடிக் கிடக்கிறது, மாப் இன்னும் அதில் வழி காட்டும். மனரோலா–ரியோமஜ்ஜோரே துண்டுதான் வியா தெல்லாமோரே. 2012 செப்டம்பரில் பாறை விழுந்து நான்கு பேர் காயப்பட்டபின் மூடியது, 2024இல்தான் முழுதாகத் திறந்தார்கள். ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு, சமதளம். கார்டுக்கு மேல் தனிக் கட்டணம், நேரம் குறித்து முன்பதிவு. நடைக்கென்று வருபவர்கள் அதை விட்டுவிட்டால் நஷ்டமில்லை என்பது என் கருத்து.

எனவே அதை விட்டுவிட்டு ஐந்து ஊரையும் காலால் சேர்க்க வேண்டுமானால் இரண்டு இடத்தில் மேலே ஏறியாக வேண்டும். கொர்னீல்யாவிலிருந்து 587, பிறகு 586, வொலாஸ்த்ரா ஊரிலிருந்து 506 இறங்கி மனரோலா. அங்கிருந்து ரியோமஜ்ஜோரேவுக்கு 531, பெக்காரா என்பார்கள். இரண்டையும் சேர்த்தால் 12 கி.மீ. என்ற கணக்கு செல்லாது. ஏற்றம் மட்டுமே 1000 மீட்டரை ஒட்டி வரும், அதில் பெரும்பகுதி படி. உங்கள் அணியில் மூன்று பேரால் ஒரே நாளில் முடியும். மற்ற மூவருக்கு அடுத்த இரண்டு நாள் வீணாகும். இரண்டு நாளாகப் பிரியுங்கள்.

பழைய வரைபடம், பழைய பதிவு எதையாவது வைத்திருந்தால் இன்னொரு குழப்பம் வரும்: எண்களை மாற்றிவிட்டார்கள். பழைய 2 இன்று 592. பழைய 7ஏ, 6டி, 6 ஆகியவை முறையே 587, 586, 506. பழைய 1, அதாவது மேல் முகட்டுப் பாதை, இப்போது ஏவி5டி. வழிப்பலகை எல்லாம் புது எண்ணில்தான் இருக்கும்.

அடுத்தது கிழமை. உங்கள் திட்டத்தின் பெரிய பிசகு இதுதான். வார நடுவில் மலை, வார இறுதியில் கடலோரம் என்று வைத்திருக்கிறீர்கள். தலைகீழாக்குங்கள். சனி ஞாயிறில் மிலான், பார்மா, ஃப்ளாரன்ஸ் மக்களும் சேர்ந்து கடற்கரைக்கு வருவார்கள். ஒரு ஆள் அகலப் பாதையில் எதிரும் புதிருமாக நின்றே பாதி நேரம் போகும். மலைத் தங்குவிடுதிகளோ கோடை முடிந்ததும் பெரும்பாலும் வார இறுதியில் மட்டும்தான் திறந்திருக்கும். புதனன்று ஏறினால் கதவு பூட்டியிருக்க நிறைய வாய்ப்பு.

நான் போடுவது இப்படி:

செவ்வாய்: லெவாந்தோ–மொந்தெரோஸ்ஸோ. எண் 591, ஏழு கி.மீ. சுமார், மூன்று மணி நேரம். கட்டணம் இல்லை. புந்தா மெஸ்கோ முனையில் சந்த்'அந்தோனியோ துறவுமடத்தின் இடிபாடு, அங்கிருந்து ஐந்து ஊரும் ஒரே வரிசையில் தெரியும். உடம்பு எப்படி இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். மெஸ்கோவிலிருந்து மொந்தெரோஸ்ஸோ இறக்கம் செங்குத்து, முட்டிக்காரர் கோல் இல்லாமல் இறங்க வேண்டாம்.

புதன்: மொந்தெரோஸ்ஸோ–வெர்னாத்சா–கொர்னீல்யா. கார்டு தேவைப்படும் நாள் இது. ஏழரைக்குள் பாதையில் கால் வைத்துவிடுங்கள். இந்தச் சரிவு தென்மேற்கு பார்த்தது. காலையில் சூரியன் மலைக்குப் பின்னால் இருப்பதால் நிழல் இருக்கும். மதியத்துக்குமேல் வெயில் நேராக அடிக்கும், கல் சுவர்கள் வாங்கிய சூட்டைத் திருப்பி வீசும். ஒன்பதரைக்குமேல் ரயிலிலும் படகிலும் கூட்டம் வந்து இறங்கும். மொந்தெரோஸ்ஸோவிலிருந்து தொடக்கத்திலேயே படி, படி, மேலும் படி. வெர்னாத்சாவைத் தாண்டியபின் ப்ரேவோ குடியிருப்பு வரை 200 மீட்டர் சீரான ஏற்றம், பிறகு ஒலிவத் தோப்பு வழியே இறக்கம். துண்டுக்கு இரண்டு மணி நேரம் வையுங்கள். நெரிசலான விடுமுறை நாட்களில் மொந்தெரோஸ்ஸோ–வெர்னாத்சா துண்டைக் காலையில் ஒருவழியாக்குவதுண்டு. இந்தத் திசையில் போனால் அதுவும் பாதிக்காது.

வியாழன்: கொர்னீல்யா–வொலாஸ்த்ரா–மனரோலா, தெம்பு இருப்பவர்களுக்கு மேற்கொண்டு பெக்காரா. இலவசம். கொர்னீல்யா கடலிலிருந்து 100 மீட்டர் மேலே உட்கார்ந்திருக்கும் ஊர், ரயில் நிலையம் கீழே. நடுவில் லார்தரீனா படிக்கட்டு, 380க்கும் மேற்பட்ட படி. நிலையத்திலிருந்து ஊருக்குச் சிற்றுந்து உண்டு, காலையில் அதில் ஏறிக்கொள்வதில் வெட்கம் ஒன்றுமில்லை. பிறகு காட்டுக்குள் ஏற்றம். அதை முடித்தபின் வொலாஸ்த்ரா வரை, சரிவில் தட்டுத்தட்டாக அமைத்த திராட்சைத் தோட்டங்களின் விளிம்பில் ஏறக்குறையச் சமமான நடை. முழுப் பயணத்திலும் அழகான துண்டு இதுதான் என்பேன். செப்டம்பரில் அறுவடை நடக்கும், ஒற்றைத் தண்டவாள வண்டியில் திராட்சைக் கூடைகள் சரிவில் ஏறுவதைப் பார்க்கலாம். அந்தத் தண்டவாளத்தில் உட்காரவோ தாண்டவோ கூடாது, எப்போது வண்டி வரும் என்று தெரியாது.

முட்டி வலிக்காரருக்கு இந்த நாளைத் திருப்பிப் போடுங்கள். மனரோலாவிலிருந்து வொலாஸ்த்ராவுக்குப் பேருந்து போகிறது. அதில் ஏறி, சமதளத்தை நடந்து, கொர்னீல்யா பக்கம் இறங்கலாம். 506இன் இறக்கம் 300 மீட்டருக்கு மேல், உயரம் சீரில்லாத கல் படி. 587இன் இறக்கமும் சும்மா இல்லை, ஆனால் பெரும்பாலும் மண் பாதை, காலை விருப்பப்படி வைக்கலாம்.

வெள்ளி: போர்த்தோவேனெரே–ரியோமஜ்ஜோரே. சனி, ஞாயிறு: அப்புவானே. இவற்றை மற்றவர்கள் எழுதட்டும், இல்லையென்றால் வருகிறேன்.

தங்க இடம்: லெவாந்தோ. வெர்னாத்சா வேண்டாம். ஐந்து ஊரிலும் அறைகள் சிறியவை, விலை அதிகம், பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏற வேண்டும். லெவாந்தோவில் ஆறு பேருக்கு ஒரே வீடு கிடைக்கும், பெரிய கடை இருக்கிறது, கிழக்கே போகும் ரயில் அங்கேயே புறப்படுவதால் உட்கார இடமும் கிடைக்கும்.


கல்லுப்பாதை:

மேட்டுநடை அண்ணை சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். லெவாந்தோ முதல் மூன்று நாளுக்குச் சரி. வெள்ளிக்கிழமை போர்த்தோவேனெரே, சனி அப்புவானே எண்டால் வியாழன் இரவே லா ஸ்பெசியாவுக்கு மாறிவிடுங்கோ. போர்த்தோவேனெரேக்கு ரயில் இல்லை, லா ஸ்பெசியாவிலிருந்து பஸ், அரை மணித்தியாலம். பஸ் ஸ்டேசன் வாசலில் நிக்காது, பத்து நிமிசம் நடந்து கரிபால்தி வீதிக்குப் போக வேணும். டிக்கெட்டைப் புகையிலைக் கடையில் முதலே வாங்கினால் மலிவு. சனி காலை அப்புவானே மலைக்குப் போக ஏற வேண்டிய பியத்ராசாந்தா ரயிலும் அங்கேயிருந்து நேராகப் போகும். இரண்டு இடத்தில் தங்குவது கரைச்சல்தான், ஆனால் காலையில் ஒரு மணித்தியாலம் மிச்சம்.

இனி வெள்ளிக்கிழமை நடை. இதுதான் நீங்கள் தேடுற கடலும் மலையும் சேர்ந்த நாள். ஏவி5டி முகட்டுப் பாதை போர்த்தோவேனெரேயில் தொடங்கி லெவாந்தோ வரை 35 கி.மீ.க்கு மேல் போகுது. நீங்கள் அதன் கிழக்கு அந்தத்தை மட்டும் எடுங்கோ. தோரியா கோட்டைச் சுவரை ஒட்டிய படியில் ஏறத் தொடங்க வேணும். முதல் ஒரு மணித்தியாலம்தான் மோசம்: நேர் ஏற்றம், வெயில், உடைஞ்ச சுண்ணக்கல். முத்செரோனே பக்கம் கறுப்பில் பொன் கோடு ஓடுற போர்த்தோரோ மாபிள் வெட்டின பழைய குவாரிகளும், கயிறு போட்டுப் பாறை ஏறுற ஆக்களும் தெரியும். சில இடத்தில் பாதை செங்குத்துக்கு மேலால் போகுது. உயரத்துக்குப் பயப்படுறவர் இருந்தால் முதலே சொல்லி வையுங்கோ. மழை பெய்து ஈரமாக இருந்தால் அந்தத் துண்டைத் தவிர்க்கிறது நல்லது.

400 மீட்டரளவில் காம்பீல்யா. அங்கே சாப்பிடலாம், தண்ணி நிரப்பலாம். பிறகு பைன், கஸ்தானியா (செஸ்நட்) மரக்காடு, நிழல், பெரிய ஏற்ற இறக்கம் இல்லை. கொல்லே தெல் தெலெக்ராஃபோ 513 மீட்டர். அங்கே முகட்டை விட்டு இடப்பக்கம், மொந்தேநேரோ மாதா கோயில் வழியாக ரியோமஜ்ஜோரேக்கு இறங்க வேணும். முழுக்க 13 கி.மீ. அளவு. நல்லாய் நடக்கிறவைக்கு ஐந்து, உங்கள் அணிக்கு ஆறரை மணித்தியாலம். எட்டரைக்கு போர்த்தோவேனெரேயில் நிண்டால் நாலு மணிக்குள் கீழே.

முட்டிக்காரரும் புது ஆக்களும் முதல் ஏற்றத்தைத் தவிர்க்கலாம். லா ஸ்பெசியாவிலிருந்து காம்பீல்யாவுக்கே பஸ் இருக்கு, ஆனால் ஒரு நாளைக்குச் சில தடவைதான், முதல் நாள் நேரம் பாருங்கோ. மிச்சப் பேர் ஏறி வர, அவை அங்கே கோப்பி குடிச்சுக்கொண்டு நிக்கலாம்.

திரும்ப ரியோமஜ்ஜோரேயிலிருந்து கப்பலில் போர்த்தோவேனெரே போகலாம், கரையைக் கடலிலிருந்து பார்க்க நல்லது. கப்பல் கொர்னீல்யாவில் மட்டும் நிக்காது. அலை கொஞ்சம் உயர்ந்தாலே நிப்பாட்டிப் போடுவினம், பின்னேரக் கடைசிக் கப்பலும் வேளைக்கே போயிடும். ஆனபடியால் ரயிலைத்தான் நம்ப வேணும், கப்பல் கிடைச்சால் லாபம்.

மழை. செப்டம்பர் கடைசியில் பயப்பட வேண்டியது இதைத்தான். கோடை முழுக்கச் சூடாகிப்போன கடலில் இருந்து ஈரக்காத்து வந்து, கடலுக்குப் பக்கத்திலேயே நிமிர்ந்து நிக்கிற மலையில் மோதும். சில மணித்தியாலத்தில் மாதக்கணக்கான மழை கொட்டும். 2011 அக்டோபர் 25இல் வெர்னாத்சாவும் மொந்தெரோஸ்ஸோவும் சேத்துக்குள் போனது இப்படித்தான். லிகூரியாவில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எண்டு எச்சரிக்கை விடுவினம். ஆரஞ்சு, சிவப்புக்குப் பாதைகளைப் பூட்டுவினம். மஞ்சளுக்குத் திறந்திருந்தாலும் ஓடைகளைத் தாண்டுற பாதையில் போக வேண்டாம். ஒவ்வொரு பின்னேரமும் அடுத்த நாள் எச்சரிக்கையையும், சிங்க்வே தெர்ரே தேசியப் பூங்காவின் இணையத்தளத்தில் பாதைகளின் நிலைமையையும் ஒருக்கா பாருங்கோ.

சப்பாத்து: அடியில் ஆழமான பல் வெட்டு இருக்கிற எந்தச் சப்பாத்தும் கடலோரத்துக்குப் போதும், கணுக்காலை மூட வேண்டியதில்லை. செருப்பு, வழுவழுப்பான அடி உள்ளது போட்டால் அபராதம். 2019இல் கொண்டுவந்த விதி, 50 யூரோவிலிருந்து 2500 யூரோ வரை. படிக்கல்லு மணற்கல், ஆயிரக்கணக்கான கால் பட்டு மினுங்கும், ஈரமாகினால் வழுக்கும். நடைக்கோலின் இரும்பு முனைக்கு ரப்பர் மாட்டுங்கோ. இரும்பு கல்லில் சறுக்கும், சாந்து இல்லாமல் அடுக்கின சுவரின் இடுக்கில் குத்தினால் கல்லைக் கிளப்பும். அந்தச் சுவரில் இருக்கவோ ஏறவோ வேண்டாம். ஒரு கல்லு நகர்ந்தால் அடுத்த மழைக்கு ஒரு தட்டே சரியும்.


ஆறுபேர்அணி:

இருவருக்கும் மிக்க நன்றி. கிழமையை மாற்றிவிட்டோம். கார்டு விஷயம் மட்டும் இன்னும் புரியவில்லை. ரயிலோடு சேர்ந்தது, சேராதது என்று இரண்டு இருக்கிறதே? ஆறு பேருக்கு எது லாபம்?


மேட்டுநடை:

ட்ரெக்கிங் கார்டு என்பது 592இன் கட்டணத் துண்டுகளுக்கும் ஊர்ச் சிற்றுந்துகளுக்கும். ட்ரெய்ன் கார்டு என்றால் அதோடு லெவாந்தோ–லா ஸ்பெசியா இடையே உள்ளூர் ரயிலின் இரண்டாம் வகுப்பு, அன்று நள்ளிரவு வரை எத்தனை தடவை வேண்டுமானாலும். இன்டர்சிட்டி என்ற தொலைதூர ரயிலில் செல்லாது. விலை நாளுக்கு நாள், பருவத்துக்குப் பருவம் மாறுகிறது. எண் சொல்லிப் பயனில்லை, பூங்காத் தளத்தில் உங்கள் தேதிக்குப் பாருங்கள்.

கணக்கு இப்படிப் போடுங்கள். அந்தந்த நாளில் எத்தனை தடவை ரயில் ஏறுவீர்கள்? செவ்வாய் ஒன்று (மொந்தெரோஸ்ஸோவிலிருந்து திரும்ப). புதன் இரண்டு. வியாழன் இரண்டு, ஊர் சுற்றினால் மூன்று. வெள்ளி ஒன்று. செவ்வாயும் வெள்ளியும் நடக்கும் பாதைகளுக்குக் கட்டணமே இல்லாததால் தனி டிக்கெட் போதும். புதனுக்கு ஒருநாள் ட்ரெய்ன் கார்டின் விலையை, ட்ரெக்கிங் கார்டு கூட்டல் இரண்டு டிக்கெட்டோடு ஒப்பிடுங்கள். பெரிய வித்தியாசம் இல்லையென்றால் ட்ரெய்ன் கார்டே நல்லது, காரணம் பணம் அல்ல: யாராவது களைத்துவிட்டால் வெர்னாத்சாவில் கழன்று ரயில் ஏறலாம், மறுபடி கொர்னீல்யாவில் சேரலாம். ஊருக்கு ஊர் நான்கு ஐந்து நிமிடம்தான். வேகம் வேறுபடும் அணிக்கு இந்தக் கரை பொருந்துவதே இந்த ரயிலால்தான். மூன்றுநாள் கார்டு வாங்கிவிட்டு இலவசப் பாதையில் நடப்பவர்கள்தான் அதிகம்.

காகித டிக்கெட்டை ஏறுமுன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை போட வேண்டும். கைப்பேசி டிக்கெட்டுக்கு ஏறுமுன் செக்-இன் செய்ய வேண்டும். டிக்கெட் இருந்தும் இதை விட்டால் அபராதம், பரிசோதகர் இந்தப் பாதையில் அடிக்கடி வருவார். வெர்னாத்சா, ரியோமஜ்ஜோரே நிலையங்களில் ரயிலின் ஒரு பகுதி சுரங்கத்துக்குள்ளேயே நிற்கும். இருட்டாக இருக்கிறதே, ஊர் வரவில்லை என்று உட்கார்ந்திருந்தால் அடுத்த ஊரில்தான் இறங்குவீர்கள். ஆறு பேரும் ஒரே பெட்டியில் ஏறுங்கள்.


பருப்புப்பொடி:

சைவ நண்பர்கள் இருவருக்காக. லிகூரியா இத்தாலியிலேயே சைவத்துக்கு வசதியான பக்கம், கேட்கத் தெரிந்தால் போதும்.

நடைக்குக் கட்டிக்கொண்டு போக ஃபொகாச்சாவும் (ஒலிவ எண்ணெய் ரொட்டி) ஃபரினாதாவும். ஃபரினாதா கடலைமாவு, தண்ணீர், ஒலிவ எண்ணெய், உப்பு மட்டும்தான், விறகடுப்பில் அகலச் செம்புத் தட்டில் வேகும். சூட்டோடு சாப்பிட வேண்டும், ஆறினால் ரப்பர். ஆகவே அதை மாலைக்கு வைத்துக்கொண்டு, பைக்குள் ஃபொகாச்சாவைப் போடுங்கள். வெங்காயம் போட்டது ஒரு நாள் தாங்கும். ஸ்ட்ரக்கீனோ பாலாடைக்கட்டி வைத்தது வெயிலில் கெடும்.

உணவகத்தில் பெஸ்தோ (துளசி வகை இலையில் அரைத்த சட்னி) போட்ட த்ரோஃபியே பாஸ்தா, உருளைக்கிழங்கும் பீன்ஸும் சேர்த்து வரும். வால்நட் சாறில் பன்சோத்தி என்ற அடைத்த பாஸ்தா, உள்ளே கீரை. லா ஸ்பெசியாவில் மெஸ்சூவா: கொண்டைக்கடலை, வெள்ளை பீன்ஸ், கோதுமை வேகவைத்து எண்ணெய் ஊற்றியது, நடந்து களைத்த உடம்புக்கு அருமை. எச்சரிக்கை இரண்டு. பெஸ்தோவில் பார்மிஜானோ பாலாடைக்கட்டி இருக்கும், அதை உறையவைப்பது கன்றின் வயிற்றுச் சாறு. அது ஆகாதென்றால் பெஸ்தோவும் ஆகாது. மற்றது, மொந்தெரோஸ்ஸோ நெத்திலி ஊர். ‘காய்கறி’ என்று எழுதிய தட்டிலும் உப்பு நெத்திலி ஒளிந்திருக்கும். ‘சென்ட்சா கார்னே, சென்ட்சா பேஷே, சென்ட்சா அச்சூகே’ (இறைச்சி, மீன், நெத்திலி இல்லாமல்) என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். இறைச்சி இல்லாமல் என்று மட்டும் சொன்னால் மீன் வரும்.

சமையலறை மதியம் இரண்டரைக்கு மூடும், இரவு ஏழரைக்குத்தான் திறக்கும். மூன்று மணிக்கு இறங்கி வந்து பசியோடு நின்றால் ஃபொகாச்சா கடைதான் கதி.

தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லிட்டர், வெள்ளியன்று இரண்டு. ஊர்க் குழாய்களில் நிரப்பலாம், ‘நோன் பொத்தாபிலே’ (குடிக்க உகந்ததல்ல) என்று எழுதியிருந்தால் மட்டும் வேண்டாம். ஊர்களுக்கு நடுவே குழாயை எதிர்பார்க்காதீர்கள். ஓஆர்எஸ் பொட்டலம் நாலைந்து ஊரிலிருந்தே கொண்டு போங்கள்.


சுண்ணமலை:

அப்புவானே பற்றி யாரும் எழுதாததால். கார் இல்லாமல், கடற்கரையிலிருந்து ஒன்றரை நாளில் என்றால் பானியா தெல்லா க்ரோச்சே, 1858 மீட்டர். கர்ராரா மாபிள் வரும் அதே மலைத்தொடர். இதைவிட உயரம் பிசனீனோ, 1947 மீட்டர், ஆனால் அது பாறையேற்றம் தெரிந்தவர்களுக்கு.

சனி: லா ஸ்பெசியா–பியத்ராசாந்தா ரயில், அங்கிருந்து லெவில்யானி ஊருக்குப் பேருந்து. லெவில்யானி 580 மீட்டரில் இருக்கிறது. எண் 9 பாதையில் இரண்டு, இரண்டரை மணி நேரம் ஏறினால் மொஷேத்தா கணவாய், சுமார் 1180 மீட்டர். அங்கே ரிஃபூஜியோ தெல் ஃப்ரேயோ என்ற மலைத் தங்குவிடுதி. ஞாயிறு: எண் 126இல் ஏறிச் சிகரம், இரண்டு மணி நேரம். அதே வழியில் திரும்பி லெவில்யானி.

வரிசையாக என்னென்ன தவறும் என்று சொல்கிறேன்.

விடுதி. கண்டிப்பாகத் தொலைபேசியில் பேசி ஆறு படுக்கை, சைவம் இரண்டு என்று பதியுங்கள். செப்டம்பர் கடைசியில் வார இறுதிக்கே திறப்பார்களா என்பதையும் அப்போதே கேளுங்கள். பொது அறை, அடுக்குக் கட்டில். கம்பளி தருவார்கள், பைபோலத் தைத்த படுக்கைத் துணி நீங்கள் கொண்டுபோக வேண்டும். இரவுணவு ஏழரையை ஒட்டி எல்லோருக்கும் ஒன்றாக, பத்து மணிக்கு விளக்கணைப்பு. ரொக்கம் வையுங்கள். காதடைப்பானும்.

பேருந்து. சனிக்கிழமை சமாளிக்கலாம். ஞாயிறு மிகக் குறைவு. மலையிலிருந்து இறங்கி வந்து பேருந்து இல்லாமல் ஊர்ச் சதுக்கத்தில் உட்காருவதுதான் இங்கே வழக்கமாக நடப்பது. ஆறு பேர் என்பது இதில் வசதி: பியத்ராசாந்தாவிலிருந்து ஒரு வேன் டாக்சியை ஞாயிறு மாலை நாலரைக்கு முன்கூட்டியே பேசி வையுங்கள், பங்கு போட்டால் பெரிய தொகை வராது. இரவு பீசாவிலேயே தங்கினால் திங்கள் விமானமும் நிம்மதி. பெரிய பெட்டிகளை சனி காலையே லா ஸ்பெசியாவில் பொருள் காப்பகத்தில் போட்டால், எடுக்க மறுபடி அங்கே போக வேண்டியிருக்கும். பீசா விடுதிக்குத் திங்களன்றே, வந்து இறங்கும்போதே, கொடுத்துவிட்டு ஆளுக்கொரு 35 லிட்டர் பையோடு வாரம் முழுவதையும் முடிக்க முடிந்தால் அதுதான் சிறப்பு.

மேகம். கடல் மிக அருகில். வெயில் ஏற ஏற ஈரக்காற்று சரிவில் ஏறிச் சிகரத்தைச் சுற்றிக்கொள்ளும், பதினோரு மணிக்குமேல் பல நாள் ஒன்றும் தெரியாது. ஆறரைக்கு ஏறத் தொடங்குங்கள். தெளிவான காலையில் கோர்சிகா தீவே தெரியும். இடிமுழக்கம் கேட்டால் முகட்டுக்குப் போகாதீர்கள், உச்சியில் பெரிய இரும்புச் சிலுவை நிற்கிறது.

தண்ணீர். சுண்ணாம்புப் பாறை மழையை அப்படியே உள்ளே குடித்துவிடும், ஓடை கிடையாது. விடுதியில் இரண்டு லிட்டர் நிரப்பிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும்.

இறக்கம். ஞாயிறு மொத்தம் 680 மீட்டர் ஏற்றம், ஆனால் 1280 மீட்டர் இறக்கம். மேல்பகுதி உருளும் சரளைக் கல். கயிறு, கம்பி எதுவும் தேவைப்படும் இடமில்லை, ஆனால் கவனம் வேண்டும். மேலே இருப்பவர் கல்லை உருட்டினால் கீழே இருப்பவர் மேல்தான் விழும். நெருங்கி நடங்கள், இல்லையேல் நன்றாக விலகி நடங்கள். இங்கே மட்டும் கணுக்காலைப் பிடிக்கும் ஷூ நல்லது. முட்டி வலிக்காரர் சிகரத்தை விட்டுவிட்டு மொஷேத்தாவிலேயே இருக்கட்டும். அவருக்கு அப்போதும் 600 மீட்டர் இறக்கம் மிச்சம் இருக்கிறது.

பலகையில் போட்டிருக்கும் நேரம் பழகியவர் நிற்காமல் நடப்பதற்கானது, மூன்றில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். பாதைத் தரம் டி, இ, இஇ, இஇஏ என்று போகும். கடைசி இரண்டும் முறையே அனுபவசாலிகளுக்கும், தலைக்கவசம், கொக்கி உள்ளவர்களுக்கும். உங்கள் காப்பீட்டில் மலைநடைக்கு உயர வரம்பு ஏதும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள், விசாவுக்காக எடுத்த 30,000 யூரோ பாலிசிகளில் மலை மீட்பு விலக்கப்பட்டிருப்பது உண்டு. அவசர எண் 112.


ஆறுபேர்அணி:

வேன் டாக்சி யோசனைக்கு நன்றி, அது தோன்றவே இல்லை. கடைசியாக ஒன்று: சனிக்கிழமை மழை எச்சரிக்கை வந்துவிட்டால்? பதிவு செய்ததை விட்டுவிட்டு லா ஸ்பெசியாவிலேயே இருப்பதா?


சுண்ணமலை:

ஆரஞ்சு வந்தால் ஆம், ஏற வேண்டாம். விடுதிக்கு வெள்ளி மாலைக்குள் சொல்லிவிடுங்கள், சமையல் கணக்குக்காக. அப்புவானே இருப்பது தொஸ்கானாவில், அது தனி மாநிலம், எச்சரிக்கையை அந்தப் பக்கத்துக்கும் தனியாகப் பார்க்க வேண்டும், லிகூரியாவில் பச்சை என்றால் இங்கேயும் பச்சை என்று அர்த்தமில்லை.

சாதாரண மழைதான், எச்சரிக்கை ஏதுமில்லை என்றால் லெவில்யானி வரை வாருங்கள். ஊரிலிருந்து சிற்றுந்தில் அந்த்ரோ தெல் கோர்க்யா குகைக்கு அழைத்துப் போகிறார்கள், வழிகாட்டியோடு மட்டும்தான், உள்ளே சுமார் இரண்டு மணி நேரம். வெளியே என்ன மழை பெய்தாலும் உள்ளே 8 டிகிரியை ஒட்டியே இருக்கும், குளிர்ச்சட்டை போட்டுக்கொள்ளுங்கள். இரும்புப் படிகள் நிறைய, எல்லாம் ஈரம், இரண்டு பக்கமும் பிடி உண்டு. மதியம் மழை விட்டால் எண் 9இல் ஏற நேரம் இருக்கும்: இரண்டு மணிக்குக் கிளம்பினால் ஐந்துக்குள் மொஷேத்தா. அந்த வாரம் சூரியன் ஏழு மணியை ஒட்டி மறையும். மூன்று மணியைத் தாண்டிவிட்டால் கீழேயே தங்குங்கள், காட்டுக்குள் அதற்கு முன்பே இருட்டிவிடும். தலைவிளக்கு எப்படியும் ஆளுக்கொன்று வேண்டும்.